ஓட்டும் வார்த்தையும்: வீட்டிலும் தெருவிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

31 ஆண்டுகள் அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். ஒவ்வொரு தேர்தலுக்கும் பணி ஆணை வரும். கடைசி நான்கு தேர்தல்களில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் "டீச்சருக்குத் தெரியும்" என்று ரேஷன் கடை வரிசையிலும் கல்யாணப் பந்தியிலும் சந்தேகம் கேட்கிறார்கள். பாதிக் கேள்விகள் ஓட்டைப் பற்றியவை. மீதி, இந்த வார்த்தையைச் சொல்லலாமா கூடாதா என்பதைப் பற்றியவை. யாருக்கு ஓட்டு என்பது போடுகிறவரின் உரிமை. எப்படி அழைக்கப்பட வேண்டும் என்பது அழைக்கப்படுகிறவரின் உரிமை. இந்த எண்ணத்தோடுதான் எல்லாப் பதில்களையும் எழுதியிருக்கிறேன்.

டீச்சர், யாருக்கு ஓட்டுப் போட்டாய் என்று மாமனார் கேட்கிறார். சொல்லித்தான் ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்று சாட்சிக் கூண்டில் நிற்கிறவரைக்கூடக் கட்டாயப்படுத்திக் கேட்க முடியாது என்கிறது. நீதிமன்றத்துக்கே சொல்ல வேண்டாதபோது மாமனாருக்கு எதற்கு? "சொல்ல விருப்பமில்லை மாமா" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கலாம்.

ஒரு தேர்தலில், மனைவிக்குப் படிக்கத் தெரியாது, நானும் கூட வருகிறேன் என்று ஒருவர் ஓட்டுப் போடும் மறைப்புக்குள் நுழையப் பார்த்தார். பார்வையில்லாதவருக்கும், உடல் நலிவால் பட்டனை அழுத்த முடியாதவருக்கும்தான் துணையாள் உண்டு. அந்தத் துணையாளும் 18 வயது நிரம்பியவராக இருக்க வேண்டும். அன்றைக்கு ஒருவருக்கு மேல் துணை போகக் கூடாது. ரகசியம் காப்பேன் என்று எழுதித் தர வேண்டும். படிக்கத் தெரியாதவருக்காகத்தானே சின்னம் இருக்கிறது. கணவரை வெளியே நிறுத்தினேன். அந்த அம்மா தனியாகப் போய், பீப் சத்தம் முழுதாக நிற்கும்வரை காத்திருந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தார். வரும்போது கணவரின் முகத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

கட்சித் துண்டைப் போட்டுக்கொண்டு ஓட்டுப் போட வரலாமா?

வேண்டாம். வாக்குச்சாவடியிலிருந்து 100 மீட்டருக்குள் எந்த வடிவிலும் ஓட்டுக் கேட்கக் கூடாது. கட்சிச் சின்னம் தெரியும்படி எதை அணிந்து வந்தாலும் தகராறுதான். வாக்குப்பதிவு முடிகிற நேரத்துக்கு 48 மணி நேரம் முன்பே பொதுக்கூட்டமும் ஊர்வலமும் நின்றுவிடும். அந்த இரண்டு நாள் அமைதியை வீட்டுக்குள்ளும் கடைப்பிடித்தால் நல்லது என்று என் சொந்தக்காரர்களிடம் சொல்வது வழக்கம்.

எந்தப் பட்டனை அழுத்தினாலும் ஒரே சின்னத்துக்கு விழுகிறதாமே? என் மைத்துனர் அடித்துச் சொல்கிறார்.

காலை 7 மணிக்கு வாக்குப்பதிவு என்றால் 5.30 மணிக்கே மாதிரி வாக்குப்பதிவு தொடங்கிவிடும். கட்சி முகவர்கள் எதிரே உட்கார்ந்திருக்க, குறைந்தது 50 ஓட்டுகள் போட்டுப் பார்ப்போம். 'யாருக்கும் ஓட்டு இல்லை' என்னும் நோட்டா உட்பட ஒவ்வொரு பட்டனையும் அழுத்த வேண்டும். இயந்திரம் காட்டும் கணக்கையும், போட்ட ஓட்டைச் சீட்டில் அச்சிட்டுக் காட்டும் விவிபேட் பெட்டியில் விழுந்த சீட்டுகளையும் முகவர்கள் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். சரியாக இருந்தால் எண்ணிக்கையை அழித்து, சீட்டுகளைக் கறுப்பு உறைக்குள் போட்டு முத்திரை வைத்து, எல்லாரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கதவு திறக்கும். அந்த விடியற்காலை, ஒன்றுக்கொன்று ஆகாத கட்சிகளின் முகவர்கள் ஒரே பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்து, ஒருவர் சீட்டை உரக்கப் படிக்க, இன்னொருவர் கோடு போட்டுக் கணக்கு வைப்பார். தேர்தல் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தப் பெஞ்சுதான்.

நீங்கள் ஓட்டுப் போட்டதும், சின்னம் அச்சான சீட்டு கண்ணாடிக்குப் பின்னால் 7 விநாடி தெரியும். வேறு சின்னம் தெரிந்தால் அங்கேயே புகார் சொல்லலாம். எழுதி வாங்கிக்கொண்டு, முகவர்கள் முன்னிலையில் சோதனை ஓட்டுப் போட வைப்பார்கள். புகார் உண்மை என்றால் அந்தச் சாவடியில் வாக்குப்பதிவு நிறுத்தப்படும். பொய் என்றால் வழக்கு வரும். மாலையில் மொத்தம் எத்தனை ஓட்டு என்று 17சி படிவத்தில் எழுதி முகவர்களுக்கு நகல் தருவோம். எண்ணும் நாளில் அந்தத் தொகையோடு ஒத்துப் பார்க்கலாம். அதற்கும் மேலாக, ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் குலுக்கலில் தேர்ந்தெடுத்த 5 சாவடிகளின் சீட்டுகளையும் எண்ணுகிறார்கள். உங்கள் மைத்துனரை அடுத்த தேர்தலில் முகவராக உட்காரச் சொல்லுங்கள்.

அப்படியென்றால் மெஷினைப் பற்றிக் கேள்வியே கேட்கக் கூடாதா?

தாராளமாகக் கேட்கலாம். கேட்டதால்தான் விவிபேட் வந்தது. எல்லாச் சீட்டுகளையும் எண்ண வேண்டும் என்ற கோரிக்கையை 2024 ஏப்ரல் 26 அன்று உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனால் இரண்டாம், மூன்றாம் இடம் பெற்ற வேட்பாளர்கள், முடிவு வந்த 7 நாளுக்குள் எழுதிக் கொடுத்து, 5 சதவீத இயந்திரங்களைச் சோதிக்கச் சொல்லலாம் என்று அதே தீர்ப்பு வழி செய்தது.

என் வருத்தம் வேறு. தோற்ற ஆண்டில் இயந்திரம் மோசம், ஜெயித்த ஆண்டில் மக்கள் தீர்ப்பு என்று பேசுவதை எல்லாக் கட்சிக்காரர்களிடமும் கேட்டிருக்கிறேன். சந்தேகம் உண்மையானது என்றால், நம் கட்சி ஜெயித்த நாளிலும் அது இருக்க வேண்டும்.

நோட்டாவுக்கு அதிக ஓட்டு விழுந்தால் மறுதேர்தல்தானே?

இல்லை. உச்ச நீதிமன்றம் 2013 செப்டம்பரில் தந்த தீர்ப்பால் நோட்டா வந்தது. சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்களில் அது எத்தனை ஓட்டு வாங்கினாலும், அடுத்து வருகிற வேட்பாளர்தான் வெற்றி பெற்றவர். 2024இல் இந்தூர் தொகுதியில் நோட்டா 2 லட்சத்துக்கும் மேல் வாங்கி இரண்டாம் இடத்துக்கு வந்தது. முடிவில் எந்த மாற்றமும் இல்லை. மகாராஷ்டிரம், ஹரியானா மாநிலங்களின் உள்ளாட்சித் தேர்தல்களில் மறுதேர்தல் விதி இருக்கிறது; அந்தச் செய்திதான் இங்கே கலந்துவிட்டது.

'49 ஓ' என்ற தேர்தல் விதியைப் பற்றி இன்னும் சிலர் கேட்கிறார்கள். அது, பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட பிறகு ஓட்டுப் போட விரும்பவில்லை என்று அலுவலரிடம் வெளிப்படையாகச் சொல்வது. அதில் ரகசியம் போய்விடும். நோட்டாவில் ரகசியம் காக்கப்படும்.

என் ஒரு ஓட்டால் என்ன ஆகிவிடும்?

கர்நாடகத்தில் சந்தேமரஹள்ளி, 2004. ராஜஸ்தானில் நாத்துவாரா, 2008. இரண்டிலும் வித்தியாசம் ஒரே ஓட்டு. நம் தியாகராய நகரில் 2021இல் 137 ஓட்டு. ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பே அவ்வளவு இருக்கும்.

போய்ப் பார்த்தால் என் ஓட்டை வேறு யாரோ போட்டுவிட்டார்கள். கத்திவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். வேறு என்ன செய்திருக்க முடியும்?

தலைமை அலுவலரிடம் 'ஆய்வுக்குரிய வாக்கு' கேட்டிருக்கலாம். அடையாளத்தைச் சரிபார்த்து, இயந்திரத்தில் அல்லாமல் ஒரு வாக்குச் சீட்டைத் தருவார்கள். முத்திரை குத்தித் தனி உறையில் வைப்பார்கள். வழக்கமான வாக்கு எண்ணிக்கையில் அது சேராது. ஆனால் வழக்கு என்று வந்தால் அந்த உறை பேசும்.

பணம் வாங்கிக்கொண்டு வேறு கட்சிக்குப் போட்டால் அது துரோகம் இல்லையா? சூடத்தின் மேல் சத்தியம் வாங்கியிருக்கிறார்களே?

இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் பெண்கள்தான், குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். நேரடியாகச் சொல்கிறேன்: ஓட்டுக்குப் பணம் கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். பணப் பட்டுவாடா காரணமாகவே 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலும் 2019 ஏப்ரலில் வேலூர் நாடாளுமன்றத் தேர்தலும் ரத்தாயின. வாங்காமல் இருப்பதுதான் சரி.

ஆனால் வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள், மாமியார் வாங்கிவிட்டார் என்று கலங்கி நிற்கிறவரிடம் சட்டத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போக என்னால் முடிவதில்லை. குற்றத்தைச் செய்யச் சொல்லி வாங்கிய சத்தியம் யாரையும் கட்டாது என்பது என் நம்பிக்கை. உங்கள் தெய்வம் அந்தத் தரகரின் கணக்குப்பிள்ளை இல்லை. மறைப்புக்குள் நீங்கள் தனியாக இருக்கிறீர்கள். முதல் பதிலில் சொன்ன ரகசியம் உங்களைப் போன்றவர்களுக்காகத்தான்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு நான் அட்மின். அத்தான் போடுகிற பதிவுகளால் என் மேல் வழக்கு வருமா?

ஒருவர் போட்ட பதிவுக்காக அட்மின் என்ற ஒரே காரணத்தால் இன்னொருவரைப் பொறுப்பாக்க முடியாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2022இல் சொன்னது. மும்பை உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பும் அப்படியே. நீங்களே பகிர்ந்தால், நீங்களே தூண்டிவிட்டால், அது வேறு.

வழக்கைவிட எனக்குப் பயம் தருவது வேறொன்று. 2021 தேர்தல் முடிந்த சில மாதங்களில் என் இரண்டு தம்பிகளில் இளையவன் வீடு கட்டிக் குடிபோனான். விருந்துப் பந்தியில், குழுவில் வந்த ஒரு படத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. "உங்கள் ஆள் என்ன கிழித்துவிட்டார்" என்பதில் ஆரம்பித்து "உன்னைப் படிக்க வைத்ததே தப்பு" என்பதில் முடிந்தது. மூத்தவன் இலையை மூடாமலே எழுந்து போனான். பாயசம் அப்படியே இருந்தது. அந்தப் படம் பொய் என்று மறுவாரமே தெரிந்தது. இருவரும் இரண்டரை ஆண்டுகள் பேசிக்கொள்ளவில்லை. அதனால் நான் அட்மினாக இருக்கும் குழுவில் நல்லது கெட்டதுக்கு மட்டும்தான் இடம், கட்சிக்கு இல்லை. கட்சி பேச ஆசைப்படுகிறவர்கள் நேரில் வந்து காபி குடித்துக்கொண்டே பேசலாம்.

நான் அரசு ஊழியர். தலைவர் படத்தை ஸ்டேட்டஸில் வைக்கலாமா?

வைக்காதீர்கள். நடத்தை விதிகள் அரசியலில் பங்கெடுப்பதைத் தடுக்கின்றன. மத்திய அரசு ஊழியர் விதி, ஓட்டுப் போடலாம், ஆனால் யாருக்கு என்று குறிப்பால்கூட உணர்த்தக் கூடாது என்கிறது.

'இப்படிச் சொல்லாதே, அப்படிச் சொல்லாதே' என்பதெல்லாம் வெளிநாட்டிலிருந்து வந்த பழக்கம்தானே?

நன்னூல் படித்தவர்கள் இதைக் கேட்க மாட்டார்கள். அவையில் சொல்லத் தகாததை மறைத்து வேறு சொல்லால் சொல்வது இடக்கரடக்கல். மனம் நோகும் சொல்லை விலக்கி நல்ல சொல்லால் சொல்வது மங்கலம். செத்தார் என்னாமல் துஞ்சினார் என்பதுபோல. இரண்டையும் 'தகுதி வழக்கு' என்றே நம் இலக்கணம் வகைப்படுத்தியிருக்கிறது. கேட்கிறவர் மனத்தை எண்ணிச் சொல்லைத் தேர்ந்தெடுப்பதற்கு இதைவிட நல்ல பெயர் எனக்குத் தெரியவில்லை.

அரசியலில் பார்த்தாலும் இது புதிது அல்ல. இழிவாக வழங்கிய பெயர்களை விலக்கி 'ஆதி திராவிடர்' என்று பதிய வேண்டும் என்று எம்.சி. ராஜா குரல் கொடுத்து, சென்னைச் சட்டமன்றம் 1922இல் தீர்மானம் போட்டது. பெயருக்குப் பின்னால் வரும் சாதிப் பட்டத்தை விட வேண்டும் என்று 1929இல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு முடிவு செய்தது. இன்று நம் பிள்ளைகள் தந்தை பெயரின் முதலெழுத்தோடு மட்டும் வகுப்பில் உட்காருவது அப்படி வந்த பழக்கம்தான்.

சொல்லை மாற்றினால் நிலைமை மாறிவிடுமா?

சொல் மட்டும் மாறினால் மாறாது. 2020இல் துப்புரவுப் பணியாளர், தூய்மைப் பணியாளர் ஆனார். பெயர் மாற்றம் கூலியை உயர்த்தவில்லை, கையுறை வாங்கித் தரவில்லை. அதற்காகப் பெயரை மாற்றியதும் வீண் என்று நான் சொல்ல மாட்டேன்.

பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியல் தயாரிக்கும்போது முகவரி எழுதி வாங்குவோம். ஒரு மாணவி தாளை என் மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, "டீச்சர், ஊர்ப் பெயர் மட்டும் எழுதினால் போதுமா?" என்று கேட்டாள். தாளைத் திருப்பினேன். ஊர்ப் பெயருக்குப் பின்னால் 'காலனி' என்று எழுதி, அதை மட்டும் அழித்திருந்தாள். ரப்பர் தேய்த்த இடத்தில் தாள் மெலிந்து கிழியும் நிலையில் இருந்தது. நகரத்தில் அதே சொல் வசதியான குடியிருப்புக்கும் வழங்குகிறது. ஊரில் அது சேரியின் மறுபெயர். 2025 ஏப்ரலில், அரசு ஆவணங்களிலிருந்தும் பொது வழக்கிலிருந்தும் 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தபோது, எந்தக் கட்சி செய்தது என்று நான் பார்க்கவில்லை. எனக்கு அந்தத் தாள்தான் நினைவுக்கு வந்தது.

நேற்று ஒரு வார்த்தை சரி என்றார்கள், இன்று தப்பு என்கிறார்கள். எதைத்தான் சொல்வது?

சலிப்பு புரிகிறது. காந்தியார் நல்லெண்ணத்தோடுதான் 'அரிஜன்' என்ற சொல்லைப் பரப்பினார். அந்த மக்களே பின்னர் அதை வேண்டாம் என்றார்கள், அரசும் விலக்கியது. தங்களுக்குப் பெயர் வைக்கும் உரிமையைத் தாங்களே எடுத்துக்கொள்ளும்போது சொல் மாறத்தான் செய்யும்.

திருநங்கை, திருநம்பி, இடைபாலினர் போன்ற சொற்களுக்கு, சென்னை உயர் நீதிமன்றத்தின் வலியுறுத்தலுக்குப் பிறகு, தமிழக அரசு 2022இல் ஒரு சொற்பட்டியலே வெளியிட்டது. மாற்றுத்திறனாளிகளை இழிவாகக் குறிக்கும் சொற்களைப் பிரசாரத்தில் தவிர்க்க வேண்டும் என்று தேர்தல் ஆணையம் 2023 டிசம்பரில் கட்சிகளுக்கு எழுதியது. "செவிட்டு அரசு", "நொண்டிச் சாக்கு" என்று மேடையில் முழங்குகிறவர்களும் நாமும் யோசிக்க வேண்டிய இடம் அது. ஐயம் வந்தால் அவரிடமே கேளுங்கள். இதுவரை என்னிடம் ஒருவரும் கோபித்துக்கொண்டதில்லை.

'வடக்கன்' என்பது சாதாரணப் பேச்சுத்தானே? இதற்குமா பார்த்துப் பேச வேண்டும்?

எங்கள் சுற்றுச்சுவர் வேலைக்கு பீகாரிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். மூன்று வாரம் செங்கல் சுமந்தார். கொத்தனார் அவரை "ஏ வடக்கா" என்றே கூப்பிட்டார், நாங்களும் கேட்டுக்கொண்டிருந்தோம். ஒரு நாள் என் பேரன் தண்ணீர்ச் சொம்போடு போய், "அண்ணா, உங்கள் பெயர் என்ன?" என்று கேட்டான். அவர் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, ஊர்ப் பெயரோடு சேர்த்து முழுப் பெயரையும் சொன்னார். மறுநாள் கொத்தனாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

திசையைச் சொல்வது குற்றமல்ல. ஆனால் ஆளின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் திசை உட்கார்ந்தால் அடுத்த நாள் அது வசவாகிவிடும். 2023 மார்ச்சில், தமிழகத்தில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவின. அவை இங்கே நடந்த சம்பவங்கள் அல்ல என்று காவல் துறை விளக்க வேண்டி வந்தது. "இவர்களுக்கு இங்கே ஓட்டு எதற்கு?" என்றும் கேட்கிறார்கள். வழக்கமாக எங்கே குடியிருக்கிறாரோ அங்கே பதிவு செய்வது ஒவ்வொரு இந்தியக் குடிமகனின் உரிமை. இரண்டு இடத்தில் பதிவதுதான் தவறு. மும்பையிலும் பெங்களூரிலும் நம் பிள்ளைகள் அந்த விதியில்தான் ஓட்டுப் போடுகிறார்கள்.

சாதியைச் சொல்லாமல் தேர்தலைப் பற்றி எப்படிப் பேசுவது? எல்லாக் கட்சியும் சாதி பார்த்துத்தானே ஆள் நிறுத்துகிறது?

இந்தத் தொகுதியில் இன்ன சமூகத்தார் அதிகம், அதனால் இன்னாரை நிறுத்தினார்கள் என்பது அலசல். அதைப் பேசலாம், பேச வேண்டும். மறைத்தால் உண்மை மறைந்துவிடும். "நம்மாளுக்கே போடு" என்று வேட்பாளர் தரப்பு சாதி, மதம், மொழியைச் சொல்லி ஓட்டுக் கேட்பது சட்டப்படி ஊழல் நடவடிக்கை. வேட்பாளரின் அடையாளம் மட்டுமல்ல, வாக்காளரின் அடையாளத்தைச் சொல்லிக் கேட்டாலும் அப்படித்தான் என்று 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் பிறர் அறியச் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது 1989ஆம் ஆண்டுச் சட்டப்படி தனிக் குற்றம். கோபத்தில் வந்துவிட்டது என்பதைச் சமாதானமாக என் வகுப்பில் ஒருநாளும் ஏற்றதில்லை.

அவர்கள் 'உபி', 'சங்கி', 'கொத்தடிமை' என்று ஆரம்பிக்கிறார்கள். நான் மட்டும் மரியாதை காக்க வேண்டுமா?

இணையச் சண்டையில் மாற்றுக் கட்சிக்காரரை இகழ வழங்கும் இந்தச் சொற்கள் எதிரே இருப்பவரின் கருத்தைத் தொடுவதே இல்லை. நீ கூலிக்குப் பேசுகிறாய், உனக்குச் சொந்தப் புத்தி இல்லை என்று மட்டுமே சொல்கின்றன. அதைக் கேட்ட பிறகு யார் மனத்தை மாற்றிக்கொள்வார்கள்? வாயை மூடிக்கொண்டு இருங்கள் என்று நான் சொல்லவில்லை. விலைவாசியா, நீட் தேர்வா, மணல் கொள்ளையா, பொருளைப் பிடித்துக்கொண்டு விடாமல் பேசுங்கள். கட்சியின் கொள்கையை எவ்வளவு கடுமையாகவும் விமர்சிக்கலாம். அதற்கு எந்த நாகரிகமும் தடை இல்லை.

தேர்தலால் பேச்சு நின்றுபோன அண்ணனிடம் முதலில் எப்படிப் பேசுவது?

என் தம்பிகள் கதையைத்தான் சொல்ல முடியும். 2024 நாடாளுமன்றத் தேர்தலுக்கு முன், மூத்தவன் வீடு மாறியதால் பட்டியலில் முகவரி மாற்ற வேண்டியிருந்தது. படிவம் 8ஐ எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். இளையவனுக்கும் பட்டியலில் புது வீட்டு முகவரி இன்னும் ஏறவில்லை. அதே நேரத்தில் அவனையும் வரச் சொல்லியிருந்தேன். மூத்தவன் கண்ணாடியை மறந்து வந்திருந்தான். தாளைத் தூரத்தில் பிடித்துக்கொண்டு தடுமாறினான். இளையவன் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கொடு அண்ணா" என்று வாங்கி, ஒவ்வொரு கட்டமாகப் படித்துக் காட்டினான். இரண்டு படிவங்களையும் அவனே நிரப்பினான்.